லாட் வீட்டுச் சிரிப்பும் நம் வீட்டு அழுகையும்

மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தொடர்ந்து வாசிக்கும் எவருக்கும் ஒரு சந்தேகம் வந்தே தீரும். இந்த நாட்டுத் தமிழ்க் குடும்பங்கள் சிரிக்கவே சிரிக்காதா? அப்பா குடிப்பார். அம்மா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். அண்ணன் குண்டர் கும்பலில் சேருவான். அக்கா யாரையாவது நம்பி ஏமாறுவாள். பாட்டி முதியோர் இல்லத்து வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். கடைசிப் பத்தியில் கட்டாயம் மழை பெய்யும். இவை எதுவும் பொய் இல்லை. எல்லாம் நடந்தவை, இன்றும் நடப்பவை. ஆனால் அந்தக் குடிகார அப்பா மறுநாள் காலையில் எழுந்து, ஒன்றுமே நடக்காததுபோல் "கோப்பி இல்லையா?" என்று கேட்கும்போது, அடுப்படியிலிருந்து அம்மா ஒரு வார்த்தை விடுவாள் பாருங்கள், அதற்கு மொத்த வீடும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். அந்த வார்த்தை மட்டும் கதைக்குள் வருவதில்லை.

வராததற்கு நியாயமான காரணங்கள் உண்டு. நம் முன்னோடிகளில் ஒருவரான கா. பெருமாள் தன் நாவலுக்கு வைத்த பெயரே 'துயரப்பாதை'. ஆ. ரெங்கசாமி சயாம் மரண ரயிலை எழுதினார். தமிழகத்திலிருந்து வந்து நம்மைப் பார்த்துவிட்டுப் போய் அகிலன் எழுதிய 'பால்மரக் காட்டினிலே'யும் தோட்டத்துக் கண்ணீரைத்தான் எழுதியது. எழுத வேண்டியிருந்தது, எழுதினார்கள். என் கேள்வி அவர்களைப் பற்றியது அல்ல. தோட்டம் துண்டாடப்பட்டு, அடுக்குமாடி வீடுகளுக்கு வந்து, பிள்ளைகள் வேலைக்குப் போய், வீட்டுக்கு இரண்டு கார் வந்த பிறகும் நம் புனைவுகளில் குடும்பம் ஏன் இன்னும் அதே முகத்தோடு இருக்கிறது என்பதுதான்.

இந்தக் கேள்வி எனக்கு அண்மையில் மறுபடி எழுந்ததற்குக் காரணம் லாட். 'கம்போங் பாய்' நூலை எத்தனையாவது முறையாகவோ எடுத்து வாசித்தேன். வாசித்தேன் என்பதா பார்த்தேன் என்பதா தெரியவில்லை, இரண்டும்தான். 1979இல் வெளிவந்த அந்த நூலை மலேசியாவில் பார்க்காதவர்கள் குறைவு. பார்த்தவர்களிலும் பெரும்பாலானோர் அதை ஒரு செல்லமான பழைய நினைவாக ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பல்மருத்துவர் கிளினிக்கில் காத்திருக்கும்போது புரட்டுகிற புத்தகம். எனக்கு அது இந்த நாட்டில் எழுதப்பட்ட மிக நல்ல குடும்ப நாவல்களில் ஒன்று. படம் போட்டிருப்பதால் அதை நாவல் என்று சொல்லத் தயங்குகிறோம், அவ்வளவுதான்.

லாட் என்ற முகமட் நோர் காலிட் 1951இல் பேராக், கோப்பெங் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். குழந்தையாக இருந்தபோது உருண்டையாக இருந்ததால் 'புலாட்' என்று கூப்பிட்டு, அது தேய்ந்து லாட் ஆனது. நம் தோட்டத்தில் பிறந்திருந்தால் 'குண்டு' ஆகியிருப்பார். பதின்மூன்று வயதில் 'தீகா செகாவான்' என்ற படக்கதையை வரைந்து பினாங்கில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பி, அவர்கள் இவரை வயது வந்த ஆள் என்று நினைத்து 25 வெள்ளி கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். 1968இல், பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே, 'பெரித்தா மிங்கு' ஞாயிறு பத்திரிகையில் 'கெலுவார்கா சி மாமாட்' என்ற தொடரைத் தொடங்கினார். மாமாட்டின் குடும்பம். மாமாட் அவருடைய தம்பியின் பெயர். அந்தத் தொடர் 26 ஆண்டுகள் வந்தது. இந்த 26 என்ற எண்ணைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

பத்திரிகையில் குற்றச் செய்தி நிருபராக வேலை பார்த்துக்கொண்டிருந்தவரைப் பெரிய அளவில் கவனிக்க வைத்தது, 1974இல் ஹாங்காங்கிலிருந்து வந்த 'ஏசியா மேகசின்' இதழில் வெளியான 'பெர்சுனாட்' என்ற படவரிசை. மலாய்ச் சிறுவர்களின் சுன்னத்துச் சடங்கு. 'கம்போங் பாய்' நூலிலும் அந்த அத்தியாயம் இருக்கிறது. அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் லாட்டின் நகைச்சுவை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். ஊரே கூடுகிறது. பையன்களுக்குப் பட்டுத் துணி, ஊர்வலம், ஆற்றில் குளியல், பெரியவர்களின் முக்கியமான முகங்கள். வாழைத்தண்டு தயாராகிறது. பையனின் கண்கள் முகத்தைவிடப் பெரிதாகின்றன. இவ்வளவு ஏற்பாட்டுக்கும் பிறகு அந்தக் காரியம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. முடிந்ததும் பெரியவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். பையனைப் பொறுத்தவரை உலகமே மாறிவிட்டது. அவர்களுக்கு அது சாப்பாட்டு நேரம்.

இங்கே யாரையும் கிண்டல் செய்யவில்லை. சடங்கை இகழவில்லை, உயர்த்தவும் இல்லை. ஒரே சம்பவத்துக்குள் இரண்டு அளவுகோல்கள் இருக்கின்றன: பையனுடையது, பெரியவர்களுடையது. இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துவிட்டு லாட் ஒதுங்கிக்கொள்கிறார். குடும்பச் சிரிப்பின் அடிப்படையே இதுதான் என்று நினைக்கிறேன். ஒரே கூரைக்குக் கீழே ஆறு பேர் இருந்தால் ஆறு வேறு அவசரங்கள் இருக்கும். அக்காவுக்குப் பரீட்சை, தம்பிக்குப் பட்டம், அப்பாவுக்கு நாற்பதாவது முறையாகக் கசியும் குழாய், பாட்டிக்கு வானொலியில் மரண அறிவித்தல். ஒவ்வொருவரும் தன் அவசரமே உலகத்தின் அவசரம் என்று நம்புகிறார்கள். சோகக் கதை எழுதுபவர் இதில் ஒருவரின் அவசரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் நின்று மற்றவர்களைப் பார்க்கிறார். சிரிப்பவர் எல்லாருக்கும் இடம் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் அது கடினம்.

நூலின் நடுவில் ஓர் இடம். பக்கத்து வீட்டு அண்ணன்மார்களோடு சேர்ந்து பையன் ஆற்றில் ஈயம் அரிக்கக் கற்றுக்கொள்கிறான். கிந்தா பள்ளத்தாக்கு, ஈயக் கப்பல் மண்ணை வாரிக் குடித்துக்கொண்டிருக்கும் ஊர். அப்படி அரிப்பது சட்டப்படி தப்பு என்பது அவனுக்குத் தெரியாது. சம்பாதித்துக்கொண்டு பெருமையாக அப்பாவிடம் போகிறான். பாராட்டுக்குப் பதில் அடி கிடைக்கிறது. அதுவரை குண்டு வயிறும் விளையாட்டுப் பேச்சுமாக இருந்த அப்பா திடீரென்று வேறு ஆளாகிறார். பிறகு பெற்றோர் தன்னைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொள்வது பையன் காதில் விழுகிறது. படிக்கத் தொடங்குகிறான். இதை நம் ஆட்களில் யாராவது எழுதியிருந்தால் அந்த ரோத்தான் அடியே கதையாகியிருக்கும். லாட் அந்த அடியையும் அதே உருண்டைக் கோடுகளில்தான் வரைகிறார். வலி குறைந்துவிடவில்லை. முப்பது பக்கமாக நம்மைச் சிரிக்க வைத்த மனிதர் அடிக்கிறார் என்பதால் கூடுதலாகவே வலிக்கிறது.

லாட்டை இவ்வளவு பேசிவிட்டு நம்மிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் நியாயம் இல்லை. தமிழில் குடும்ப நகைச்சுவைக்குப் பஞ்சமில்லை. திருவண்ணாமலையில் வக்கீலாக இருந்த எஸ்.வி.வி., முதலில் ஆங்கிலத்தில் எழுதிப் பெயர் வாங்கி, பிறகு ஆனந்த விகடனுக்கு வந்தார். 'உல்லாஸ வேளை' போன்றவற்றில் கணவன் மனைவி பேச்சை அவர் பிடித்திருக்கும் விதம் இன்றும் கெட்டுப்போகவில்லை. தேவன் இருந்தார். ஜ.ரா. சுந்தரேசன் தன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து பாக்கியம் ராமசாமி ஆகி, 1963 முதல் குமுதத்தில் அப்புசாமி, சீதாப்பாட்டி தம்பதியை உலவவிட்டார். கடல் கடந்து வந்த குமுதமும் விகடனும் நம் ஊர் முடிதிருத்தும் கடைகளில் அட்டை கிழியக் கிழியக் கிடந்தன; அவற்றை வாசித்துத்தான் ஒரு தலைமுறை தமிழில் சிரித்தது.

அப்புசாமி கதைகளின் மூல விசை எளிமையானது. ஆங்கிலம் பேசும், பாட்டிகள் முன்னேற்றக் கழகத்துக்குத் தலைமை தாங்கும் மனைவி. அவளிடம் காசுக்கும் மரியாதைக்கும் ஏங்கும் கணவன். தமிழ்க் குடும்பத்தின் படிநிலையை அப்படியே தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருக்கிறார். சீதாப்பாட்டி திட்டும்போது நாம் சிரிப்பது அவள் அதிகாரத்தைப் பார்த்தா, அல்லது 'பொம்பளை ஆட்டி வைக்கிறாள்' என்ற பழைய பயத்தாலா? இரண்டும் கலந்திருக்கிறது என்றே சொல்வேன். அந்தக் கலப்புதான் ஆரம்பகாலக் கதைகளுக்கு உயிர். வீட்டுக்குள் இருந்தவரை அவை நன்றாக இருந்தன. ஆப்பிரிக்க அழகியும் அற்புத விளக்கும் வந்த பிறகு, சிரிப்பு பாத்திரங்களிடமிருந்து சம்பவங்களுக்குப் போய்விட்டது. அப்புசாமி எதில் மாட்டிக்கொள்வார் என்று பார்க்கிறோமே தவிர அப்புசாமி யார் என்பதை மறந்துபோகிறோம். லாட் தன் குடும்பத்தை எந்த விளக்கையும் தேய்க்க விடவில்லை.

ஆனால் எனக்குத் தமிழில் குடும்பச் சிரிப்பின் உச்சம் நகைச்சுவை எழுத்தாளர் என்று பெயர் வாங்காத ஒருவரிடம்தான் இருக்கிறது. புதுமைப்பித்தனின் 'ஒரு நாள் கழிந்தது'. 1937இல் எழுதப்பட்டது. எழுத்தாளர் முருகதாசர், மனைவி கமலா, மகள் அலமு. ஒட்டுக்குடித்தன வீடு. கடைக்காரனுக்குப் பாக்கி. நண்பர்கள் வந்து இலக்கியம் பேசிக்கொண்டிருக்கும்போது, மூன்று ரூபாய் கடன் கேட்பதற்காக முருகதாசர் உள்ளுக்குள் படும் பாடு இருக்கிறதே! கடைசியில் கேட்டுவிடுகிறார். கிடைப்பது எட்டணா. அதை வைத்துக் கடைப் பாக்கியைக் கொடுக்கலாம் என்று இவர் நினைக்க, காப்பிப் பொடிக்கு ஆகட்டும், பாக்கியைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று மனைவி சொல்ல, கதை முடிந்துவிடுகிறது. வறுமைக் கதைதான். ஆனால் அந்த வீட்டில் யாரும் தங்களை வறுமைக் கதையின் பாத்திரமாக நினைத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்குத் திங்கட்கிழமை இருக்கிறது. எழுதி இவ்வளவு காலம் ஆகியும் அந்தத் திங்கட்கிழமை இன்னும் வரவில்லை, நாமும் இன்னும் சிரிக்கிறோம்.

ஆகவே, கஷ்டப்பட்ட சமூகம் எப்படிச் சிரிக்கும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. நண்பர் ஒருவரோடு இது பற்றிப் பேசும்போது அவர் கொஞ்சம் சூடாகவே கேட்டார்: "லாட்டுக்கு என்ன லா, அவருக்கு கம்போங் இருந்துச்சு, நிலம் இருந்துச்சு, அரசாங்க வேலை பாத்த அப்பா இருந்தாரு. சிரிக்கலாம். நம்மாளு எத வச்சி சிரிப்பான்?" இதில் பாதி உண்மை. பெரும்பான்மைக்குத் தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கும் தெம்பு கூடுதல். சிறுபான்மைக்கு எப்போதும் ஒரு கூச்சம் உண்டு. நம் வீட்டு அழுக்குத்துணியை அடுத்தவன் பார்த்துவிடுவானோ என்று. ஏற்கெனவே நாடகத்திலும் விளம்பரத்திலும் நம்மைக் கோமாளியாகக் காட்டுகிறார்கள், நாமே வேறு காட்ட வேண்டுமா என்ற எரிச்சலும் நியாயமானது. ஆனால் மீதிப் பாதி? தோட்ட வாழ்க்கையைத் தெரிந்த எவரையும் கேட்டுப் பாருங்கள். லயத்தில் பட்டப்பெயர் இல்லாத ஆள் இருந்திருக்கிறாரா? பெரட்டுக்களத்தில் தண்டல் முன்னால் வாயைத் திறக்காதவர்கள் மதியம் ஆயாக் கொட்டாய் பக்கம் அதே தண்டலை நடித்துக் காட்டியதில்லையா? சிரிப்பு அங்கே பொழுதுபோக்காக இருக்கவில்லை. கையில் இருந்த ஒரே சொத்து அது. அந்தச் சொத்தைத்தான் நாம் எழுதாமலே விட்டோம்.

குடும்பச் சிரிப்பு என்ற பெயரில் நமக்கு வந்து சேர்வது வேறு ஒன்று. தீபாவளிக்குத் தொலைக்காட்சியில் பட்டிமன்றம். நல்ல இல்லறத்துக்குக் காரணம் கணவனா மனைவியா. பேச்சாளர் தமிழகத்திலிருந்து வந்திருப்பார். அவர் மனைவி சமையலைப் பற்றி ஒரு ஜோக், மாமியாரைப் பற்றி ஒரு ஜோக், நகைக்கடையைப் பற்றி ஒரு ஜோக். அதே ஜோக் மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூப்படத்தோடு வரும். பெரியப்பா அனுப்புவார், பெரியம்மாவே சிரிப்பு முகம் போடுவார். அந்த ஜோக்கில் வரும் மனைவிக்குப் பெயர் இருக்காது. அவள் எந்த ஊர், என்ன வேலை, எதற்காகக் கோபப்பட்டாள், ஒன்றும் இருக்காது. எல்லா வீட்டுக்கும் பொருந்துவதற்காகவே தைத்த சட்டை அது, எந்த வீட்டுக்காரருக்கும் அளவு சரியாக இருக்காது. லாட்டின் அம்மாவும் குச்சியோடு துரத்துகிறவர்தான். ஆனால் அவர் 'அம்மா' என்ற பொது உருவம் அல்ல, கோப்பெங் பக்கத்தில் ஓர் ஆற்றங்கரை வீட்டில் சாரோங்கை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்கும் இந்த அம்மா.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்பதும் முக்கியம். பி. ரம்லியின் 'மாடு தீகா' 1964இல் சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸ் படப்பிடிப்புத் தளத்தில் எடுக்கப்பட்டது. மூன்று மனைவிகளை ஒருவருக்கொருவர் தெரியாமல் சமாளிக்கும் கணவனின் கதை. நேரம் பிசகாத நகைச்சுவை. இன்று பார்த்தாலும் சிரிப்பு வரும். மனைவிகள் ஒருவரையொருவர் தெரிந்துகொண்டு கூட்டு சேரும்போது படம் அவர்கள் பக்கம் சாயும்போல் இருக்கும். சாயாது. முடிவில் எல்லாரும் சமாதானமாகி, கணவனின் ஏற்பாடு அப்படியே நிலைத்துவிடும். வீட்டின் அதிகாரம் யாரிடம் இருந்ததோ அவரிடமே பத்திரமாகத் திரும்பி வருகிறது. சிரித்து முடித்த பிறகு வாயில் ஒரு கசப்பு. ரம்லியின் மேதைமை பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு வீட்டில் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சிரிப்பவர் பெரும்பாலும் சிரித்தால் அடி வாங்காதவர்தான். நான் தேடுவது மற்றவர்களின் சிரிப்பை.

அதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டும் என்றால் என் வீட்டுக்கே போக வேண்டியிருக்கிறது. வெளியூர் கிளம்பும்போது மின்சாரத்தின் மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும் என்பது என் அப்பாவின் கொள்கை. வீடு தீப்பிடித்துவிடுமாம். ஒரு தீபாவளிக்கு முதல் வாரம், பாட்டி வீட்டுக்கு மூன்று நாள் போய்விட்டுத் திரும்பினோம். ஃபிரிட்ஜில் வாங்கி வைத்திருந்த ஆட்டிறைச்சி உருகி, வாசலிலேயே வரவேற்றது. அப்பாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவள் அம்மா. அன்றும் பேசவில்லை. கழுவினாள், துடைத்தாள், ஊதுபத்தி ஏற்றினாள். அடுத்த முறை ஊருக்குக் கிளம்பும்போது, அப்பா கதவைப் பூட்டப் போகிற நேரம் பார்த்து, ரொம்பப் பணிவாக, "ஃபிரிட்ஜுகிட்ட சொல்லிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அதன் பிறகு இருபது வருடம், எந்தப் பயணம் கிளம்பினாலும் அந்தக் கேள்வி வந்தது. அப்பா முதலில் முறைத்தார். பிறகு காது கேட்காததுபோல் இருந்தார். கடைசி வருடங்களில் அவரே, "சொல்லிட்டேன், சொல்லிட்டேன், நீ ஏறு" என்பார்.

அப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். கார் கதவருகே வந்தவள் நின்றுவிட்டாள். என்ன என்று கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. தம்பிதான் மெல்லக் கேட்டான், "என்னம்மா, ஃபிரிட்ஜுகிட்ட சொல்லிக்கலையா?" அம்மா சிரித்தாள். அந்தப் பதினாறு நாளில் முதல் தடவை.

இதை இங்கே எழுதும்போதே ஒன்று தெரிகிறது. "ஃபிரிட்ஜுகிட்ட சொல்லிக்கிட்டீங்களா" என்பது தனியாகப் பார்த்தால் ஒன்றும் பெரிய ஜோக் இல்லை. முதல் முறை கேட்டபோது அது ஒரு குத்தல். பத்தாவது முறை விளையாட்டு. நூறாவது முறை அது எங்கள் வீட்டின் வாசற்படிபோல ஆகிவிட்டது. தாண்டாமல் வெளியே போக முடியாது. அதன் பலம் முழுக்க அது எத்தனை முறை சொல்லப்பட்டது என்பதில் இருக்கிறது. வெளியாளைச் சிரிக்க வைக்க வேண்டுமானால் முதலில் அவரை அந்த வீட்டில் இருபது வருடம் குடியிருக்க வைக்க வேண்டும்.

இங்கேதான் அந்த 26 வருகிறது. மாமாட்டின் குடும்பம் 26 ஆண்டுகள் ஞாயிறு தவறாமல் வாசகரின் வீட்டுக்கு வந்தது. அப்புசாமி தம்பதியும் ஒரே கதையில் வந்து போனவர்கள் அல்ல, பல பத்தாண்டுகள் திரும்பத் திரும்ப வந்தவர்கள். வாசகருக்கு அவர்கள் பழகிவிட்டார்கள். அப்புசாமி வாயைத் திறக்கும் முன்பே சிரிப்பு தயாராக இருந்தது. நம்மிடம் என்ன நடந்தது? 'தமிழ் நேசன்' 1924இல் தொடங்கி 2019இல் நிற்கும் வரை, மற்ற நாளிதழ்களும் சேர்ந்து, ஞாயிறு பதிப்புகளில் சிறுகதை போட்டு நம் இலக்கியத்தை வளர்த்தன. அந்தக் கடனை மறுக்க முடியாது. ஆனால் அந்த வடிவம் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு புதுக் குடும்பத்தைக் கேட்டது. ஒரு பக்கத்தில் அறிமுகமாகி, ஒன்றரைப் பக்கத்தில் கஷ்டப்பட்டு, கடைசிப் பத்தியில் செத்துப்போக வேண்டிய குடும்பம். அடுத்த வாரம் வேறு குடும்பம். அழுகைக்கு அந்த நேரம் போதும். முன்பின் தெரியாதவர் அழுதாலும் நமக்கு மனம் இளகும், ஆனால் தெரியாத குடும்பத்தின் சிரிப்பில் சேர்ந்துகொள்ள முடியாது. என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு ஓரமாக நிற்போம். போட்டிகள் இதை இன்னும் இறுக்கின. சமூகத்துக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நடுவர்கள் எதிர்பார்ப்பார்கள் என எழுதுபவர் எதிர்பார்த்தார். ஃபிரிட்ஜ் கதைக்கு யார் பரிசு கொடுப்பார்?

மொழிக்கும் பங்கு உண்டு. நம் கதைகளில் நெடுங்காலம் அம்மாக்கள் "உண்ண வாருங்கள், உணவு ஆறிவிடும்" என்று பேசினார்கள். அந்தத் தமிழில் திட்டவும் முடியாது, குத்தலும் வராது. "ஆமா, தவுக்கே வந்துட்டாரு, நாக்காலி போடுங்க" என்று அடுப்படியிலிருந்து வரும் குரலில் தவுக்கேயை எடுத்துவிட்டு முதலாளி என்று போட்டுப் பாருங்கள். செத்துவிடும். வீட்டுச் சிரிப்பு வீட்டுப் பேச்சில்தான் இருக்கிறது. நம் வீட்டுப் பேச்சில் மலாயும் சீனமும் ஆங்கிலமும் இருக்கின்றன. கடந்த இருபது ஆண்டுகளில் புனைவுமொழி நிறைய மாறியிருக்கிறது, உண்மை. சீ. முத்துசாமி போன்றவர்கள் தோட்டப் பேச்சை அதன் முரட்டுத்தனம் கெடாமல் எழுதிக் காட்டியிருக்கிறார்கள். இளையவர்கள் வட்டார வழக்கைத் தயங்காமல் எடுக்கிறார்கள். ஆனால் அந்தப் பேச்சையும் பெரும்பாலும் வன்முறைக்கும் காமத்துக்கும்தான் எடுக்கிறார்கள். சரளமாகக் கெட்ட வார்த்தை பேசும் பாத்திரங்கள் வந்துவிட்டார்கள். சரளமாகக் கிண்டல் பேசும் அத்தைகள் இன்னும் வரவில்லை. கெட்ட வார்த்தை எழுதினால் தைரியமான எழுத்து என்கிறோம். கிண்டல் எழுதினால் 'லைட்டான கதை' என்கிறோம். விமர்சகர்களாகிய நாங்களும் இதில் குற்றவாளிகள்தான். ஒரு கதையைப் பாராட்ட 'உலுக்குகிறது', 'அறைகிறது', 'தொந்தரவு செய்கிறது' என்று சொல்லிச் சொல்லி, சிரிக்க வைக்கிறது என்று சொல்வதே மட்டம் என்றாகிவிட்டது.

லாட் தமிழர்களையும் வரைந்திருக்கிறார். நம் கல்யாணங்கள், நம் மீசைகள், நம் கூட்டங்கள். அன்பாகத்தான் வரைந்திருக்கிறார். 1981இல் வந்த 'டவுன் பாய்' நூலில் ஈப்போவில் பிராங்கி என்ற சீன நண்பனின் வீட்டுக்கு, அவன் பெற்றோரின் காப்பிக்கடைக்கு மேலே உள்ள அறைக்கு நம்மைக் கூட்டிப்போகிறார். இரண்டு பையன்களும் இசைத்தட்டு போட்டு இல்லாத கித்தாரை வாசிக்கிறார்கள். விருந்தாளியாகப் போன இடத்தில் ஒருவர் எவ்வளவு பார்க்க முடியுமோ அவ்வளவு அதில் இருக்கிறது. விருந்தாளிக்கு அதற்கு மேல் தெரியாது. தமிழ் வீட்டு அடுப்படிக்குள் நின்று சிரிக்க வேண்டியது அவர் வேலை இல்லை.

'கம்போங் பாய்' முடியும் இடம் பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பையன் தேர்வில் தேறி ஈப்போவில் விடுதியோடு கூடிய பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிறான். படித்தால் உனக்குத்தான் என்று அப்பா காட்டிய ரப்பர் நிலத்தை அளக்க ஈயக் கம்பெனி ஆட்கள் வந்திருக்கிறார்கள். அப்பாவுக்கு அதில் ஆசை, ஊருக்கே ஆசை. பையனுக்கு மட்டும், திரும்பி வரும்போது இந்த இடம் இருக்குமா என்ற பயம். அதுவரை உருண்டு புரண்டு சிரித்த நூல் அங்கே அமைதியாகிவிடுகிறது. இத்தனை பக்கம் ஏன் சிரித்தோம் என்பது அப்போதுதான் தெரிகிறது. இல்லாமல் போகப்போகும் ஒரு வீட்டில் நம்மைக் குடிவைத்திருக்கிறார். அழுதுகொண்டே காட்டியிருந்தால் நாம் ஊர்க்காரராக ஆகியிருக்க மாட்டோம், அனுதாபப்பட்டுவிட்டுப் போயிருப்போம். நம் தோட்டங்கள் மறைந்ததை நாம் நிறைய எழுதிவிட்டோம். ஆனால் அங்கே யாரெல்லாம் எதற்கெல்லாம் சிரித்தார்கள் என்று தெரியாததால், எது மறைந்தது என்பது அடுத்த தலைமுறைக்குப் பாதிதான் தெரியும்.

லாட்டிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. 1993இல் வந்த 'கம்போங் பாய்: யெஸ்டர்டே அண்ட் டுடே' நூலில் தன் பால்யத்தையும் இன்றைய பிள்ளைகளின் வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரைகிறார். அந்தக் காலத்தில் நாங்களே செய்த விளையாட்டுச் சாமான், இந்தக் காலத்தில் கடையில் வாங்கும் பொம்மை. சிரிப்பு இருக்கிறது. ஆனால் முதல் நூலில் எல்லார் அளவுகோலையும் சமமாக வைத்தவர், இதில் கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்து புலம்புகிறார். அப்பா ஆகிவிட்டார், வேறு என்ன. அந்த அப்பாவை அவர் பிள்ளைகளில் யாராவது வரைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.